கிணற்றடியும் கொன்டாக்ட் லென்ஸும்

கேள்வி: எனக்கு 24 வயது. தருமபுரத்தில் இருக்கிறேன். ஏழாம் ஆண்டு படிக்கும்போதே கண்ணாடி போட்டாயிற்று. இப்போது வலது கண்ணுக்கு மைனஸ் 5.25, இடது கண்ணுக்கு மைனஸ் 4.75. இடது கண்ணில் கொஞ்சம் சிலிண்டரும் (கருவிழியின் வளைவு சீரில்லாததற்குப் போடும் பவர்) உண்டு. கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் கணினியோடு வேலை. தினமும் ஸ்கூட்டியில் பரந்தன் சந்தி வழியாகப் போய்வருகிறேன். அறுவடை நாட்களில் அப்பாவோடு வயலிலும் நிற்பேன். ஆவணியில் கலியாணம். படம் எடுக்கக் கண்ணாடி சரிவராது, கொன்டாக்ட் லென்ஸுக்கு மாறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கும் மச்சாள், ஒரு மாதம் பாவித்து எறியும் மாத லென்ஸ் பாவிக்கிறா. கழற்றாமல் அதோடேயே நித்திரையும் கொள்ளுவாவாம். பவரைச் சொன்னால் வாங்கி அனுப்புகிறேன் என்கிறா. கண்ணுக்குள்ளே போய்த் தொலைந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். முழுதாக லென்ஸுக்கே மாறிவிடலாமா ஐயா?
— தருமபுரம் வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் அம்மாவின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். இருப்பதில் அதுதான் சுலபம். இமையின் உட்புறத் தோல் அப்படியே மடிந்து வந்து வெண்விழிமேல் ஒட்டியிருக்கிறது. அது ஒரு பைபோல. பின்பக்கம் போக வாசல் கிடையாது. லென்ஸ் விலகினால் மேல் இமைக்குள் ஒதுங்கி நிற்கும். கீழே பார்த்தபடி இமையை மெல்லத் தடவினால் வந்துவிடும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் அவர் பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது உங்கள் வீட்டுக் கிணற்றடி.

உங்கள் கடிதத்தில் வயது, பவர், கலியாண மாதம் எல்லாம் இருக்கின்றன. எங்கே குளிப்பீர்கள் என்று மட்டும் இல்லை. லென்ஸ் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். "கண்ணைப் பார்க்கச் சொன்னால் கிணறு எங்கே எண்டு கேக்கிறார்" என்று ஒரு தம்பி வெளியே போய்ச் சொல்லிச் சிரித்ததும் என் காதில் விழுந்தது. பரவாயில்லை. கண் லென்ஸைத் தாங்குமா என்று பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவேன். உங்கள் நாள் தாங்குமா என்பதுதான் கேள்வி.

காலையில் எழுந்து கிணற்றடிக்குப் போகிறீர்கள். வாளியால் அள்ளி முகத்தில் அடிக்கிறீர்கள். பின்னேரம் வந்து தலையில் ஊற்றிக் குளிக்கிறீர்கள். வெக்கை கூடிய நாளில் சின்னப் பிள்ளைகளோடு வாய்க்காலில் இறங்குவதும் இருக்கும். கல்மடுக்குளத்துப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் கேட்கவே வேண்டாம். வெறுங்கண்ணுக்கு இதில் பெரிய ஆபத்தில்லை. கண்ணீர் கழுவும், இமை துடைக்கும், கருவிழியின் மேல்தோல் காவல் நிற்கும். லென்ஸ் போட்ட கண்ணில் கதை வேறு. அந்த மெல்லிய தட்டு ஈரத்தை உறிஞ்சும் பஞ்சு போன்றது. தண்ணீரில் இருப்பதைப் பிடித்துக் கருவிழியோடு ஒட்டவைத்து மணிக்கணக்கில் வைத்திருக்கும்.

தண்ணீரில் என்ன இருக்கிறது? அகாந்தமீபா என்று ஓர் உயிர். கிணறு, குளம், குழாய், மண் எங்கும் இருக்கும் சாதாரண சீவன். கண்ணால் காண முடியாது. வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. அதனால்தான் "நாங்கள் இந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறம்" என்று சொல்கிறவர்களுக்கு விளங்கவைப்பது கஷ்டம். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் சிக்கினால் அது கருவிழியைத் தின்னத் தொடங்கும். மருந்து விட்டால் கூட்டுப்புழு மாதிரி ஓடு போட்டுக்கொண்டு உள்ளே ஒளிந்துவிடும். அதனால் மருந்து மாதக்கணக்கில் விடவேண்டியிருக்கும். வலியோ சொல்லி மாளாது. அபூர்வமான நோய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலைநாடுகளில் அது பிடிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் லென்ஸ் போடுகிறவர்கள். கொதித்தாறிய நீர், போத்தல் தண்ணீர், உப்புத் தண்ணீர் எதுவும் லென்ஸுக்கு ஆகாது. அதற்கென்று விற்கும் கரைசல் மட்டும்தான்.

இனி மச்சாள் கதைக்கு வருவோம். அவ பொய் சொல்லவில்லை. இரவிலும் போடலாம் என்று அனுமதி பெற்ற லென்ஸ்கள் உண்டு. சில வகைகளை 30 இரவு வரைக்கும் போடலாம். ஆனால் கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. அதற்குத் தேவையான ஒட்சிசனைப் பகலில் காற்றிலிருந்து எடுக்கிறது, கண் மூடியிருக்கும்போது இமையின் உட்புறத்திலிருந்து கொஞ்சம் எடுக்கிறது. மூடிய கண்ணில் லென்ஸும் இருந்தால் அந்தக் கொஞ்சமும் குறைகிறது. மேல்தோல் ஊதி இளகும், கிருமிக்கு வாசல் திறக்கும். பகலில் மட்டும் மென்லென்ஸ் போடுகிறவர்களில் ஆண்டுக்குப் 10,000 பேரில் 2 முதல் 4 பேருக்குக் கருவிழியில் கிருமிப் புண் வருகிறது. நித்திரையிலும் போடுகிறவர்களில் அது ஏறக்குறைய 20. மச்சாள் அந்த 20 பேரில் ஒருவராக இல்லாததால் அவவுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. 2012இல், படித்துக்கொண்டிருந்த காலத்தில், நானும் மாத லென்ஸ் போட்டேன். கொழும்பிலிருந்து இரவு பஸ். கழற்றிப்போட்டுவிட்டு ஏறவேண்டும் என்று தெரியும். பையைத் திறக்கப் பஞ்சி. குளிரூட்டிக் காற்று முகத்துக்கு நேரே அடிக்க நித்திரையாகிவிட்டேன். விடியப்புறம் முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லோரும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் இறங்குகிறார்கள், எனக்கு இமை திறக்கவில்லை. கண்ணுக்குள் மணலைக் கொட்டிப் பசை பூசிவிட்டது போல இருந்தது. தட்டுத்தடுமாறி இறங்கிக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவி, அந்த ஈரவிரலாலேயே லென்ஸை நுள்ளி இழுத்தேன். செய்யக்கூடாத இரண்டையும் ஒரே நிமிடத்தில் செய்தேன். காய்ந்து ஒட்டிக் கிடந்த லென்ஸ் கருவிழியின் மேல்தோலையும் ஒரு துண்டு உரித்துக்கொண்டு வந்தது.

வைத்தியசாலையில் செம்மஞ்சள் சாயம் தொட்ட கடதாசித் துண்டைக் கண்ணில் வைத்து, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற மாணவர்களுக்கு என் கண்ணில் பச்சையாக மினுங்கிய தோல் உரிந்த இடத்தைக் காட்டிப் பாடம் நடந்தது. அவர்களில் ஒருத்தன் என்னோடு படித்தவன். வெறும் உரசல் என்றபடியால் மூன்று நாளில் ஆறியது. அந்த மூன்று நாளும் யன்னலைச் சீலையால் மூடிவிட்டுக் கிடந்தேன். அதன் பிறகு கண்ணாடிதான். இன்றைக்கும் அதுதான் போட்டிருக்கிறேன். லென்ஸ் விற்கிறவன் கண்ணாடி போட்டுக்கொண்டு இருப்பதைச் சிலர் ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள்.

மச்சாள் அனுப்பப் போகும் பெட்டியை ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? லென்ஸ் செருப்பு மாதிரி. நீளம் மட்டும் பார்த்து வாங்க முடியாது. பவரோடு வளைவு என்று ஓர் அளவு, அகலம் என்று ஓர் அளவு. பெட்டியில் 8.6, 14.2 என்று மில்லிமீற்றரில் போட்டிருக்கும். வளைவு இறுகினால் கருவிழியைக் கவ்விப் பிடிக்கும், தளர்ந்தால் இமைக்கும்போதெல்லாம் வழுக்கும். அது போட்டுப் பார்த்து, நுணுக்குக் காட்டியில் அசைவைப் பார்த்தால்தான் தெரியும். பவரும் அதேதான் இல்லை. கண்ணாடி கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்ணோடேயே ஒட்டுகிறது. உங்கள் வலது கண்ணின் மைனஸ் 5.25 லென்ஸில் மைனஸ் 5.00 ஆகிவிடும். இடது கண்ணுக்குச் சிலிண்டர் இருப்பதால் சுழலாமல் நிற்கும் வேறு வகை லென்ஸ் வேண்டும். மச்சாள் 5.25 என்று சொல்லி வாங்கினால் நாள் முழுதும் தலையிடிதான்.

லென்ஸில் நல்லதே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. உங்கள் பவரில் கண்ணாடி எல்லாவற்றையும் சின்னதாக்கிக் காட்டும். முதன்முதல் லென்ஸ் போடும்போது "உலகம் பெருத்துப்போச்சு" என்பார்கள். பக்கவாட்டில் சட்டத்தின் விளிம்பு மறைக்காது. மழை பெய்தால் துடைக்க வேண்டாம், ஹெல்மெட் போடும்போது காது நோகாது. கரப்பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு நானே விரும்பி எழுதிக் கொடுக்கிறேன்.

இந்த மென்லென்ஸைக் கண்டுபிடித்த செக் நாட்டு இரசாயனவியலாளர் ஒட்டோ விஷ்டர்லே 1961 நத்தார் நாட்களில் தன் பிள்ளைகளின் பொருத்தி விளையாடும் சாமான்களையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டு மேசையில்தான் முதல் லென்ஸ்களைச் சுழற்றி வார்த்தார். அந்தக் கதையை எனக்கு எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காது. அதனால் நான் லென்ஸுக்கு எதிரி இல்லை.

ஆனால் உங்கள் பாதையை யோசியுங்கள். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் டிப்பருக்குப் பின்னால் ஸ்கூட்டியில் போகிறீர்கள். ஆனி, ஆடியில் சோளகக் காற்று வேறு சுழற்றி அடிக்கும். ஒரு மணல் துணிக்கை லென்ஸுக்குக் கீழே போனால் அப்படியே நிறுத்திக் கழற்ற வேண்டும். எங்கே கை கழுவுவீர்கள்? கழற்றினாலும் மைனஸ் 5.25 கண்ணுக்கு 19 சென்ரிமீற்றருக்கு அப்பால் எல்லாம் புகைதான். கண்ணாடி பையில் இல்லையென்றால் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீடு போகவேண்டும். வேலையிடத்தில் கணினி. திரையைப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்குமேல் குறைந்துவிடும், லென்ஸ் காயும், நேரே காற்றாடி இருந்தால் இன்னும் காயும். வயலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வெட்டு மெஷின் ஓடும்போது பறக்கும் சுணையும் பதரும் கருவிழியில் கீறினால் பூஞ்சைப் புண் வரலாம். கமக்காரரில் நாங்கள் அதைக் காண்கிறோம். அந்த இடத்தில் உங்கள் பழைய கண்ணாடி வெறும் பார்வைக் கண்ணாடி இல்லை, வேலி.

ஆகவே என் பதில்: மாறவேண்டாம். கண்ணாடியை வைத்துக்கொண்டு, லென்ஸையும் கைவசம் வைத்திருங்கள். ஒருநாள் போட்டு அன்றைக்கே எறியும் லென்ஸ். பெட்டி, கரைசல் ஒன்றும் தேவையில்லை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெக்கையில் கரைசல் போத்தல் அவிந்து கிடக்காது. தினமும் போட்டால் வருடத்துக்கு 730 லென்ஸ், காசு தாங்காது. மாதத்தில் மூன்று நாள் என்றால் 72தான். கலியாணம், கோவில் திருவிழா, நண்பியின் வீட்டுக் கொண்டாட்டம் இவைகளுக்குப் போதும். வேலைக்கும் வயலுக்கும் கண்ணாடி.

கலியாண நாளைப் பற்றிக் கொஞ்சம் விபரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பிழை நடக்கிறது. அன்றைக்கு முதன்முதல் லென்ஸ் போட நினைக்காதீர்கள். ஆனி முடிவிலேயே பழகத் தொடங்குங்கள். முதல் நாள் இரண்டு மணித்தியாலம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி எட்டு மணித்தியாலம் வரை. பொன்னுருக்கு நாளில் ஒத்திகை பார்க்கலாம். கலியாணத்தன்று அலங்காரம் தொடங்குமுன் லென்ஸைப் போட்டுவிடுங்கள், மையும் பவுடரும் அதற்குப் பிறகு. கழற்றும்போது லென்ஸ் முதலில், அலங்காரம் கலைப்பது பிறகு. மணவறையில் ஓமப் புகைக்கு முன்னால் ஒரு மணித்தியாலமாவது இருக்கப்போகிறீர்கள். கண் கரிக்கும். கசக்கக்கூடாது, கசக்கினால் லென்ஸ் மடியும். லென்ஸோடு விடலாம் என்று எழுதிய கண்ணீர்த்துளி மருந்து ஒரு சின்னக் குப்பி தோழியின் கையில் இருக்கட்டும். உங்கள் கண்ணாடியும் அவரிடமே இருக்கட்டும். இரவில் எவ்வளவு களைத்தாலும், கூறையை மாற்றுவதற்கு முன் லென்ஸைக் கழற்றி எறிந்துவிடுங்கள். மாப்பிள்ளை அன்றைக்குத்தான் உங்களைக் கண்ணாடியோடு காணப்போகிறாரா என்ன? பெண் பார்க்க வந்தபோதே கண்டுவிட்டார்தானே.

இன்னொன்று. அலங்காரம் செய்ய வருகிற சிலர் நிற லென்ஸ் வைத்திருக்கிறார்கள். பச்சை, சாம்பல், தேன் நிறம். "ஒரு நாளைக்குத்தானே" என்று மணப்பெண்ணுக்குப் போட்டுவிட்டு, கழுவி அடுத்த வாரம் இன்னொரு மணப்பெண்ணுக்குப் போடுவார்கள். ஒருவரின் கண்ணில் இருந்ததை இன்னொருவர் கண்ணில் போடுவது ஒரே பல்துலக்கியை ஊருக்கெல்லாம் கொடுப்பதைவிட மோசம். கேட்டால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

போடும் முறை நான் கையைப் பிடித்துத்தான் காட்டுவேன், எழுத்தில் சரிவராது. கையை மணமில்லாத சவர்க்காரத்தால் கழுவிக் காய்ந்த துணியில் ஈரம் போகத் துடைக்க வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். புதுத் துவாய் நூல் விடும், பழைய சுத்தமான பருத்தித் துணி நல்லது. பச்சைமிளகாய் வெட்டிய நாளில் லென்ஸைத் தொடாதீர்கள். மூன்று தரம் கழுவினாலும் உறைப்பு விரல்நுனியில் இருக்கும். என் கடைக்கு வந்த ஓர் அக்கா சம்பல் இடித்துவிட்டு வந்து போட்டுப் பார்த்தா. பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்துவிட்டார்.

சிலருக்கு நான் லென்ஸ் கொடுக்கவே மாட்டேன். கண் அடிக்கடி கடித்து, கசக்கிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். போரில் ஒரு கண்ணை இழந்தவர்கள் வன்னியில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களில் இளம் ஆட்கள் சிலர் மற்றக் கண்ணுக்கு லென்ஸ் கேட்டு வருகிறார்கள். செயற்கைக் கண் வைத்த பக்கம் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களின் விருப்பம், நியாயமானதுதான். ஆனால் இருக்கிற ஒரே கண்ணில் ஒரு சின்ன ஆபத்தையும் வாங்கக்கூடாது. அவர்களுக்குப் பொலிகாபனேற் கண்ணாடி, உடையாத வகை, பவர் இல்லாவிட்டாலும் போடவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் கோபத்தோடு போவார்கள். ஒருவர் மூன்று மாதம் கழித்து வந்து சட்டத்தை மாற்றிக்கொண்டு போனார், கடைசியில் கறுப்புச் சட்டம்தான் எடுத்தார்.

லென்ஸ் போட்ட கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், பார்வை மங்கினால் உடனே கழற்றுங்கள். அதை எறிய வேண்டாம், ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், அதை வைத்தே கிருமியைச் சோதிக்கலாம். அன்றைக்கே போகவேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்ற கதை வேண்டாம். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டுங்கள், அவர்கள் தேவையென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். மருந்துக் கடையில் "கண் சிவப்புக்கு ஒண்டு தாங்கோ" என்று கேட்டு வாங்காதீர்கள். சில துளி மருந்துகளில் ஸ்டீரொயிட் இருக்கும். சிவப்பு மறையும், உள்ளே புண் பரவும்.

நான் டொக்டர் இல்லை, கண் பார்வை பரிசோதிக்கிறவன். அதனால் லென்ஸ் எழுதுவதற்கு முன் ஒரு தரம் வைத்தியரிடமும் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள். என்னிடம் வரும்போது பின்னேரம், வேலை முடிந்து வாருங்கள். நாள் முழுதும் கணினி பார்த்த கண் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். இப்போது போடும் கண்ணாடியும் கடைசியாக எழுதிய துண்டும் கொண்டுவாருங்கள். நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள், வலது கையின் சுட்டுவிரலும் பெருவிரலும் மட்டுமாவது. மருதாணி போட்டிருந்தால் பரவாயில்லை. அம்மாவையும் கூட்டிவாருங்கள். லென்ஸ் எங்கே போகும், எங்கே போகாது என்று அவரின் கண்ணாலேயே பார்க்கட்டும்.